ஒரே வசந்தத்தில் காலியான ஊர்

முப்பது ஆண்டுகள் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்தேன். ஹில்பர்ட் வெளி, நோதர் வளையம், லாண்டாவ் குறியீடு, காஸ் நீக்கல் முறை என்று எத்தனை தடவை கரும்பலகையில் எழுதியிருப்பேன், எத்தனை தடவை அழித்திருப்பேன்! எழுதி எழுதி, இவையெல்லாம் மனிதர்களின் பெயர்கள் என்பதே மறந்துபோயிருந்தது. ஓய்வுபெற்ற பிறகு ஓர் ஏப்ரல் கடைசியில் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் நடந்தபோதுதான் அந்தப் பெயர்களுக்கு முகம் வந்தது. இவர் இந்தத் தெருவில் குடியிருந்தார், அவர் அந்தக் கட்டடத்துக்கு வேலைக்குப் போனார் என்று ஒவ்வொன்றாகத் தெரிய வந்தது.

பயணத்துக்கு முன்பே ஒரு சின்ன நோட்டில் சில பெயர்களையும், அவர்கள் கோட்டிங்கனில் வேலை பார்த்த ஆண்டுகளையும் குறித்துவைத்திருந்தேன். எம்மி நோதர் 1915-1933. ரிச்சர்ட் கூரண்ட் 1920-1933. மாக்ஸ் பார்ன் 1921-1933. ஜேம்ஸ் ஃபிராங்க் 1921-1933. தொடங்கிய ஆண்டுகள் வெவ்வேறு. முடிந்த ஆண்டு ஒன்றே. அந்த ஓர் ஆண்டைத் தேடித்தான் இந்த ஊருக்கு வந்தேன்.

ஊரின் நடுவில் சந்தைச் சதுக்கம். பழைய நகர மன்றத்தின் முன்னே ஒரு நீரூற்று, அதன் மேல் வாத்துகளைக் கையில் பிடித்து நிற்கும் வெண்கலச் சிறுமி. 1901-இல் வைத்த சிலை. முனைவர் பட்டம் பெற்றவர்கள் நேராக இங்கே வந்து, நீரூற்றின் மேல் ஏறி, அவளுக்குப் பூங்கொத்து கொடுத்து, கன்னத்தில் ஒரு முத்தம் வைக்க வேண்டும். 1926-இல் நகராட்சி இதைத் தடைசெய்து பார்த்தது; வழக்கம் நிற்கவில்லை. நான் போன அன்றும் ஒரு பெண் அட்டையில் செய்த விசித்திரத் தொப்பியோடு மேலே ஏறினாள். கீழே அவளுடைய ஆய்வுக்கூட நண்பர்கள் கைதட்டினார்கள். ஓரமாக நின்ற அவளுடைய அப்பா, சத்தமில்லாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பட்டமளிப்பு விழாக்களில் நம் ஊர் அப்பாக்களை எத்தனையோ முறை இப்படிப் பார்த்திருக்கிறேன்.

பக்கத்தில் சந்தைக்கடைகள். அந்தப் பருவத்தில் வரும் வெள்ளை அஸ்பாரகஸ் தண்டுகளைக் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தார்கள். காட்டுப்பூண்டின் வாசம் ஊரைச் சுற்றியுள்ள காடுகளிலிருந்து சந்தை வரைக்கும் வந்திருந்தது. மரச்சட்டங்களுக்கு இடையே சுதை பூசிய பழைய வீடுகள், தெருவை நோக்கிக் கொஞ்சம் குனிந்து நிற்கின்றன. இரண்டாம் உலகப் போரில் இந்த ஊர் பெரிதாகக் குண்டு வாங்கவில்லை. அதனால் 1933-இல் அந்தப் பேராசிரியர்கள் கண்ட தெருக்களை ஏறக்குறைய அப்படியே நாமும் காண முடிகிறது.

வீட்டுச் சுவர்களில் வெள்ளைச் சலவைக்கல் பலகைகள். இந்த வீட்டில் இன்னார் குடியிருந்தார் என்று சொல்பவை. 1874-இல் தொடங்கிய வழக்கம். இன்று முந்நூறுக்கும் மேல். ஒரு தெருவைக் கடப்பதற்குள் ஒரு வேதியியலாளர், ஒரு கவிஞர், ஒரு வானியலாளர் என்று கடந்துவிடுகிறோம். என்னோடு நடந்தவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஆய்வுக்காக வந்து மூன்று வருடமாக இங்கே தங்கியிருக்கும் தம்பி. "மொதல்ல வந்தப்ப எல்லாப் பலகையையும் நின்னு படிச்சேன் சார். இப்ப பஸ்ஸப் பிடிக்க ஓடுறதுதான்" என்றார். அன்று அவரும் என்னோடு சேர்ந்து நின்று படித்தார்.

பழைய ஊரைச் சுற்றி ஒரு மண்மேடு. கோட்டை அரணாக இருந்தது, இப்போது எலுமிச்சை நிறத்தில் தளிர்விட்ட லிண்டன் மரங்களுக்கு அடியில் ஓடும் நடைபாதை. பேராசிரியர்களும் மாணவர்களும் இதன் மேல் நடந்துகொண்டே பேசுவது தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம். பாதி கணிதம் இந்த மேட்டில் பிறந்தது என்றுகூடச் சொல்வேன். மேட்டின் ஓரிடத்தில் பழைய அரணின் வட்டக் கோபுரம் ஒன்று சிறுவீடாக நிற்கிறது. 1833-இல் அதில் குடியிருந்தவர், அடாவடியால் ஊருக்குள் தங்கக் கூடாது என்று வெளியே அனுப்பப்பட்ட ஒரு சட்ட மாணவர். பெயர் பிஸ்மார்க்.

அதே 1833-இல்தான் காஸும் அவருடைய நண்பர் வில்ஹெல்ம் வேபரும் இந்த ஊரின் கூரைகளுக்கு மேலே கம்பி இழுத்தார்கள். ஊருக்கு வெளியே காஸின் வானாய்வகம். ஊருக்குள் வேபரின் இயற்பியல் கூடம். இடையே ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். யோஹானிஸ் தேவாலயத்தின் இரட்டைக் கோபுரத்தைத் தொட்டுக்கொண்டு கம்பி போனது. காந்த ஊசி இடமும் வலமும் அசைவதை எழுத்தாக மாற்றி இருவரும் செய்தி பேசிக்கொண்டார்கள். 1845-இல் இடி விழுந்து கம்பி அறுந்தது. காஸ் உட்கார்ந்திருக்க, வேபர் அருகே நிற்கும் வெண்கலச் சிலை ஒன்று மேட்டுப் பாதையோரம் இருக்கிறது. அதன் அடியில் உட்கார்ந்து நோட்டில் எழுதினேன்: 1833, கம்பி கட்டிய ஆண்டு. நூறு வருடம் கழித்து, 1933-இல், இதே ஊரில் கம்பி வழியே வேறொரு செய்தி வந்தது.

அந்தச் செய்திக்குப் போகும் முன் ஊரின் பெருமையை ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 1737-இல் பல்கலைக்கழகம் தொடங்கியது. இங்கிலாந்தின் இரண்டாம் ஜார்ஜ்தான் இந்த ஹனோவர் நாட்டுக்கும் அரசர் என்பதால் அவர் பெயரையே தாங்குகிறது. நூறு வருடம் கழித்து, 1837-இல், புதிதாக வந்த அரசர் அரசியல் சாசனத்தை ஒரே கையெழுத்தில் ரத்துசெய்தார். ஏழு பேராசிரியர்கள் எதிர்ப்பு மனு எழுதினார்கள். நாங்கள் அந்தச் சாசனத்தின் மேல் சத்தியம் செய்திருக்கிறோம், அரசர் சொன்னார் என்று அதை மீற முடியாது என்பதே மனுவின் சாரம். தேவதைக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள் இருவரும் அந்த எழுவரில் உண்டு. காஸின் நண்பர் வேபரும் உண்டு. எழுவரையும் வேலையிலிருந்து நீக்கினார்கள். யாக்கோப் கிரிம் உள்ளிட்ட மூவர் நாட்டைவிட்டே வெளியேற வேண்டியிருந்தது. இன்று பல்கலைக்கழக வளாகத்தின் மையச் சதுக்கம் அந்த எழுவர் பெயரால்தான் வழங்குகிறது. எழுத்தாளர் குந்தர் கிராஸ் வடிவமைத்த துருப்பிடித்த இரும்புத் தூண் ஒன்றும் அவர்கள் நினைவாக அங்கே நிற்கிறது.

ஏழு பேர் என்ற இந்த எண்ணை வாசகர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மேட்டிலிருந்து தெற்கே இறங்கினால் பூன்சன் தெரு. நான் மனசுக்குள் நெடுங்காலமாகப் போய்வந்துகொண்டிருந்த தெரு. இதன் 3-5ஆம் எண்ணில் கணித நிறுவனம். அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளைப் பணத்தில் 1929-இல் திறந்த கட்டடம். அதற்காக ஓடியாடியவர் கூரண்ட். மாடியில் கண்ணாடி அலமாரிகளுக்குள் சுதையாலும் நூலாலும் செய்த வளைபரப்பு மாதிரிகள் வரிசையாக இருக்கின்றன. கணினி வருவதற்கு முந்திய காலத்தில் மாணவர்கள் கண்ணால் கண்டு புரிந்துகொள்ளச் செய்தவை. எனக்கு இவற்றைப் புத்தகப் படமாகத்தான் தெரியும். கண்ணாடிக்கு வெளியே நின்று நெடுநேரம் பார்த்தேன். இந்தக் கட்டடத்தில் எனக்குத் தெரியாத மூலை இனி இல்லை என்ற மாதிரி ஓர் உரிமை வந்துவிட்டது.

பக்கத்திலேயே இயற்பியல் நிறுவனங்கள். 1925-இல் ஹைசன்பர்கின் புதிய சிந்தனையை வாங்கி, அது அணிகளின் கணிதம் என்று கண்டு, பார்னும் அவருடைய மாணவர் யோர்டானும் குவாண்டம் இயக்கவியலுக்கு உருக்கொடுத்தது இங்கேதான். ஃபெர்மி, டிராக், பாலி எல்லோரும் இந்தத் தெருவில் நடந்தவர்கள். ஓப்பன்ஹைமர் 1927-இல் பார்னிடம் முனைவர் பட்டம் பெற்றார். பின்னாளில் நோபல் வாங்கிய மரியா கெப்பர்ட் இந்த ஊரிலேயே வளர்ந்த பெண். 1931 கோடையில் இருபது வயதுத் தமிழ் இளைஞர் ஒருவரும் பார்னின் நிறுவனத்துக்கு வந்து தங்கி வேலை செய்தார்: சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜுக்குப் போன சுப்பிரமணியன் சந்திரசேகர். இன்னும் இரண்டு வருடம் தள்ளி வந்திருந்தால் அவருக்குக் கதவு திறக்க அங்கே ஆளிருந்திருக்காது.

ஏனென்றால் இந்த ஊர் அதற்கு முன்பே மாறிக்கொண்டிருந்தது. பெரிய மூளைகளின் ஊர் என்றால் மதவெறி, இனவெறியை எதிர்த்து நிற்கும் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். கோட்டிங்கனில் நடந்தது தலைகீழ். 1930 தேர்தலிலேயே நாஜிக் கட்சி நாட்டில் வாங்கிய வாக்குப் பங்கைப் போல ஏறக்குறைய இரு மடங்கு இந்த ஊரில் வாங்கியது. மாணவர் சங்கத்தில் ஹிட்லர் ஆட்சிக்கு வருவதற்கு முன்பே நாஜி மாணவர்களுக்குப் பெரும்பான்மை. யூதக் கடைகளைப் புறக்கணிக்கச் சொல்லி அரசு 1933 ஏப்ரல் 1ஆம் தேதியைக் குறித்தது; இங்கே அதற்கும் பொறுமையில்லாமல் மார்ச் 28-ஆம் தேதியே கடைக் கண்ணாடிகளை உடைத்தார்கள்.

ஏப்ரல் 7. யூத வம்சாவளியினரை அரசுப் பணியிலிருந்து நீக்கும் சட்டம் வந்தது. முதல் உலகப் போரில் முன்னணியில் போரிட்டவர்களுக்கும், அந்தப் போருக்கு முன்பே பணியில் இருந்தவர்களுக்கும் விலக்கு. ஜெர்மனியில் பேராசிரியர் என்றால் அரசு ஊழியர். ஆகவே சட்டம் நேராகப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தது. ஜேம்ஸ் ஃபிராங்க் 1925-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பெற்றவர்; போரில் முதல் வகுப்பு இரும்புச் சிலுவையும் பெற்றவர். சட்டம் அவரைத் தொடாது. ஆனாலும் ஏப்ரல் 17-ஆம் தேதி தானாகவே பதவி விலகினார். மறுநாள் ஊர்ப் பத்திரிகையில் அதற்கான காரணத்தையும் வெளியிட்டார். யூத வம்சாவளி ஜெர்மானியரை அந்நியராகவும் நாட்டின் பகைவராகவும் நடத்துகிறார்கள், எங்கள் பிள்ளைகள் ஜெர்மானியராகத் தங்களை நிரூபிக்க வாய்ப்பே இல்லாமல் வளர வேண்டியிருக்கிறது, எனக்கு மட்டும் கிடைக்கும் சலுகை எனக்கு வேண்டாம் என்பது அவர் எழுதியதன் சாரம். தங்கிவிட நினைப்பவர்களைப் பழிக்கவில்லை, அவர்கள் நிலைமையும் புரிகிறது என்றும் சொன்னார். அந்த ஆட்சியில் இப்படிப் பகிரங்கமாகக் காரணம் சொல்லிப் பதவியைத் தூக்கி எறிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 24-ஆம் தேதி, ஊர்ப் பத்திரிகையில் பதில் வந்தது. எழுதியது அரசாங்கமல்ல, கட்சியுமல்ல. அதே பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்கள். ஃபிராங்க் விலகிய விதம் நாட்டுக்கு எதிரான நாசவேலைக்குச் சமம், அரசு தேவையான சுத்திகரிப்பை விரைந்து முடிக்க வேண்டும் என்று கையெழுத்திட்டிருந்தார்கள். கையெழுத்திட்டவர்கள் 42 பேர்.

மறுநாள் பெர்லினிலிருந்து தந்தி. பார்ன், கூரண்ட், நோதர், கணித வல்லுநர் ஃபெலிக்ஸ் பெர்ன்ஸ்டைன், சட்டப் பேராசிரியர் ரிச்சர்ட் ஹோனிக், சமூகக் கல்வி வல்லுநர் கர்ட் போண்டி ஆகிய ஆறு பேருக்கும் கட்டாய விடுப்பு. பார்ன் தன் பெயரைப் பத்திரிகையில்தான் பார்த்தார். சில வாரங்களில் குடும்பத்தோடு ஆல்ப்ஸ் மலையின் தென் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குக் கிளம்பிவிட்டார்.

கூரண்டுக்கு ஆதரவாகவும் ஒரு மனு போனது. அவரும் போரில் காயம்பட்டவர். ஹில்பர்ட், பிளாங்க், ஹைசன்பர்க், வெய்ல், லாவே என்று 28 பேர் அதில் கையெழுத்திட்டார்கள். அந்த மனுவைச் சேகரிக்க அலைந்த இளைஞர்களின் துணிச்சலை நான் மதிக்கிறேன். ஆனாலும் மனு பலிக்கவில்லை. எழுவர் பெயரைச் சொல்லி வாழும் ஊர் இது. நாற்பத்திரண்டு பேர் ஒருவரைக் குற்றம்சாட்டக் கையெழுத்திட்டார்கள். ஆறு பேரையும் மொத்தமாகக் காக்க ஒரு மனுவாவது எழுந்ததா என்று அந்தக் கட்டடத்தின் முன்னே நின்று என்னையே கேட்டுக்கொண்டேன். அந்த 42 பேரும் வெளியூர்க்காரர்கள் அல்ல. அதே உணவு மேசையில் உட்கார்ந்தவர்கள். அதே மண்மேட்டில் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்லிக்கொண்டு நடந்தவர்கள். நான் கோபப்படுவது சட்டம் எழுதியவர்கள்மேல் அல்ல, அவர்களிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்? வணக்கம் சொன்ன கை கையெழுத்தும் போட்டதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எம்மி நோதரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஹில்பர்ட் அழைத்து 1915-இல் கோட்டிங்கனுக்கு வந்தவர். பெண் என்பதால் பல்கலைக்கழகம் பாடம் நடத்த உரிமை தரவில்லை. சில ஆண்டுகள் ஹில்பர்ட் பெயரில் அறிவித்த வகுப்புகளை நோதர் நடத்தினார். 1919-இல்தான் உரிமை கிடைத்தது. இயற்கையின் ஒவ்வொரு தொடர்ச்சியான சமச்சீருக்குப் பின்னாலும் ஓர் அழியாத அளவு இருக்கிறது என்ற அவருடைய 1918-ஆம் ஆண்டுத் தேற்றம் இல்லாமல் இன்றைய இயற்பியலே இல்லை. அத்தகையவருக்கு முழுப் பேராசிரியர் பதவி கடைசி வரை கிடைக்கவில்லை. 1933 வசந்தத்தில் வகுப்பெடுக்கத் தடை வந்ததும் அவர் மாணவர்களைத் தன் வீட்டுக்கு வரச் சொன்னார். வந்தவர்களில் ஒருவர் நாஜிப் படையின் பழுப்புச் சீருடையிலேயே வந்து உட்கார்ந்தார் என்றும், நோதர் அதைப் பொருட்படுத்தாமல் இயற்கணிதம் பேசினார் என்றும் சொல்வார்கள். அந்த நாட்களில் அவர் காட்டிய அமைதி எல்லோருக்கும் ஆறுதலாக இருந்தது என்று சக கணிதப் பேராசிரியர் வெய்ல் பின்னால் நினைவுகூர்ந்தார். ஓர் ஆசிரியனாக எனக்கு அந்த வீட்டு வகுப்பு பெரிய விஷயம். வேலை போன பிறகும் பாடம் நிற்கவில்லை.

மாலையில் அல்பானி தேவாலயத்தின் முன்னே உள்ள சதுக்கத்துக்கு வந்தோம். இப்போது நகர அரங்கமும் வண்டி நிறுத்தும் இடமுமாக இருக்கிறது. 1933 மே 10-ஆம் தேதி இரவு மாணவர்கள் தீப்பந்தம் ஏந்திப் பல்கலைக்கழக அரங்கத்திலிருந்து ஊர்வலமாக வந்து இங்கே புத்தகங்களைக் கொளுத்தினார்கள். பல்கலைக்கழகத் தலைவர் பேசினார். அவர் ஜெர்மன் இலக்கியப் பேராசிரியர். இன்னொரு ஜெர்மன் இலக்கிய ஆசிரியரும் பேசினார். புத்தகத்தைப் படிப்பதே தொழிலாக இருந்தவர்கள் நின்று கொளுத்தினார்கள். அன்று நாடெங்கும் தீயில் போனவற்றில் மார்க்ஸ், ஃபிராய்ட், ரெமார்க், ஹைன்ரிக் மன் ஆகியோரின் நூல்கள் உண்டு. ஃபிராய்டின் நெருங்கிய தோழி லூ ஆண்ட்ரியாஸ்-சலோமே அப்போது இதே ஊரில், மேட்டுத்தெரு வீடு ஒன்றில், முதுமையில் இருந்தார்.

இந்த ஊரில் படித்த கவிஞர் ஹைன்ரிக் ஹைனேயை நினைக்காமல் அங்கே நிற்க முடியாது. ஒரு வாள்சண்டைப் பிரச்சினைக்காக 1821-இல் இங்கிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டு, திரும்பி வந்து 1825-இல் சட்டத்தில் பட்டம் வாங்கினார். அவருடைய ஹார்ஸ் மலைப் பயண நூலின் முதல் பக்கமே இந்த ஊரின் தொத்திறைச்சியையும் பல்கலைக்கழகத்தையும் ஒரே மூச்சில் கேலி செய்யும். அவர் யூதராகப் பிறந்தவர். ஊர் அவருக்கும் ஒரு சலவைக்கல் பலகை வைத்திருக்கிறது.

சதுக்கத்திலிருந்து சில நிமிட நடையில் காஸின் கல்லறை இருக்கும் பழைய இடுகாடு, இப்போது பூங்கா. அந்தத் தீயின் புகை அந்தப் பக்கமும் போயிருக்கும். தம்பி கேட்டார்: "காஸ் அப்ப உயிரோட இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பாரு சார்?" 1837-இல் ஏழு பேர் மனு எழுதியபோது காஸ் அதில் கையெழுத்திடவில்லை என்று மட்டும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

கோடையும் போய் இலையுதிர்காலம் வந்தது. எட்மண்ட் லாண்டாவ் இன்னும் பதவியில் இருந்தார். போருக்கு முந்திய நியமனம் என்பதால் சட்டத்தின் விலக்கு அவருக்கு இருந்தது. எண் கோட்பாட்டின் பெரிய ஆசான். நம் கும்பகோணத்து ராமானுஜனோடு அவர் பெயரைச் சேர்த்து எழுதும் மாறிலி ஒன்று உண்டு. ஒரு வரம்புக்குள் இரு வர்க்கங்களின் கூட்டாக எழுதக்கூடிய எண்கள் எத்தனை என்ற கேள்விக்கு லாண்டாவ் 1908-இல் நிரூபணம் தந்தார். அது தெரியாமலேயே ராமானுஜன் அதே வழியில் போய் 1913-இல் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டிருந்தார். ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே இடத்தை எட்டிய இருவர். நவம்பர் 2-ஆம் தேதி லாண்டாவ் நுண்கணித வகுப்பெடுக்கப் போனார். வாசலில் எழுபது பேருக்கு மேல் மாணவர்கள், சிலர் சீருடையில். உள்ளே ஒரே ஒரு மாணவர். கூட்டத்துக்குத் தலைமை தாங்கியது ஒஸ்வால்ட் டைச்முல்லர் என்ற இருபது வயது இளைஞன். பெரிய கணித மேதை; அவன் பெயராலும் இன்று தேற்றங்கள் உண்டு. ஜெர்மன் மாணவனுக்கு யூத ஆசிரியரின் பாடம் வேண்டாம் என்றான். லாண்டாவ் திரும்பி நடந்தார். அதற்குப் பிறகு அங்கே வகுப்பெடுக்கவில்லை. 1938-இல் பெர்லினில் இறந்தார். டைச்முல்லர் 1943-இல் ரஷ்யப் போர்முனையில் மாண்டான்.

திறமைக்கும் நற்பண்புக்கும் உறவு உண்டு என்று வகுப்பில் மாணவர்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். இனிச் சொல்ல மாட்டேன்.

கூரண்டுக்குப் பிறகு கணித நிறுவனத்தின் பொறுப்பு ஓட்டோ நியூகபவுரிடம் வந்தது. அவர் யூதரல்ல. விசுவாசப் பத்திரத்தில் கையெழுத்திட மாட்டேன் என்றார். ஒரே நாளில் பொறுப்பு போயிற்று. பிறகு வெய்ல் ஏற்றார். அவருடைய மனைவி யூத வம்சாவளி. அந்த இலையுதிர்காலத்திலேயே பிரின்ஸ்டனுக்குப் போய்விட்டார். மிஞ்சியது ஹில்பர்ட். எழுபதைத் தாண்டியவர். அடுத்த ஆண்டு ஒரு விருந்தில் கல்வி அமைச்சர், யூதர்கள் போனதால் கோட்டிங்கன் கணிதத்துக்கு ஏதும் பாதிப்பா என்று கேட்டாராம். பாதிப்பா, அது இப்போது இல்லவே இல்லையே என்றாராம் ஹில்பர்ட். கணிதக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. நான் இதை வகுப்பில் வேடிக்கையாகச் சொன்னதுண்டு. பூன்சன் தெருவில் நின்றபோது அதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை என்று தெரிந்தது.

இங்கிருந்து ஒரு கிளை பெங்களூருக்கு நீள்கிறது. கேம்பிரிட்ஜில் தற்காலிக வேலையில் இருந்த பார்னை 1935-இல் இந்திய அறிவியல் கழகத்துக்கு அழைத்தவர் சி.வி. ராமன். பார்ன் மனைவியோடு வந்து ஆறு மாதம் தங்கினார். நிரந்தரப் பேராசிரியர் பதவி தர ராமன் முயன்றார். ஆனால் கழகத்தின் ஆசிரியர் கூட்டத்தில் ஓர் ஆங்கிலப் பேராசிரியர் எழுந்து, சொந்த நாட்டாலேயே துரத்தப்பட்ட இரண்டாம் தர அந்நியர் நமக்கு எதற்கு என்று பேசினார். பார்ன் அதே கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லும்போது அழுதுவிட்டதாகத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 1936-இல் எடின்பரோவில் வேலை கிடைத்துப் போனார். அந்தக் கூட்டம் மட்டும் வேறு மாதிரி முடிந்திருந்தால் குவாண்டம் இயக்கவியலின் தந்தையருள் ஒருவர் பெங்களூரில் இருந்திருப்பார். நம் மாணவர்கள் அவரிடம் படித்திருப்பார்கள். அந்த இழப்பை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

அடுத்த நாள் காலையில் யூதத் தொழுகைக்கூடம் இருந்த இடத்துக்குப் போனோம். 1938 நவம்பரில் அதைக் கொளுத்தினார்கள். 1973-இல் இத்தாலியக் கலைஞர் கொராடோ காலி செய்த நினைவுச்சின்னம் இப்போது அங்கே. இரும்புக் குழாய்கள் முக்கோணமாக அடுக்கடுக்காகச் சுழன்று மேலே குறுகிப் போகின்றன. வெளியே நின்று பார்த்தால் வெறும் குழாய்கள். படியிறங்கி உள்ளே போய் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தால் தாவீதின் நட்சத்திரம் வானத்தில் தெரிகிறது. கொலையுண்டவர்களின் பெயர்கள் சுவரில். ஒரு கிழவி பெயர்களை விரலால் தடவிப் படித்துக்கொண்டிருந்தார். நாங்கள் வெளியே காத்திருந்துவிட்டு அவர் போனபின் உள்ளே போனோம்.

கடைசியாக நகர இடுகாடு. மரங்களும் ஒரு குளமும் உள்ள அமைதியான இடம். நோபல் பெற்ற எட்டு பேர் இங்கே உறங்குகிறார்கள். பிளாங்க்கின் கல்லில் அவருடைய மாறிலி. ஓட்டோ ஹானின் கல்லில் அணுப்பிளவின் சூத்திரம். ஹில்பர்டின் கல்லில், நாம் அறிந்தாக வேண்டும், அறிவோம் என்ற பொருளில் அவர் 1930-இல் பேசிய சொற்கள். அவர் 1943 பிப்ரவரியில் இறந்தபோது பின்னே நடந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். வருவதற்கு வேறு யார் மிஞ்சியிருந்தார்கள்? லாவேயின் கல்லறையும் இங்கேதான். அவருடைய நோபல் பதக்கத்தையும் ஃபிராங்க்கின் பதக்கத்தையும் நாஜிகள் கையில் சிக்காமலிருக்க 1940-இல் கோபன்ஹேகனில் வேதியியலாளர் ஹெவெசி அமிலத்தில் கரைத்து அலமாரியில் வைத்தார். போர் முடிந்ததும் அதே பொன்னை மீட்டு மறுபடி பதக்கமாக வார்த்துக் கொடுத்தார்கள்.

பார்னின் கல்லில், நிலையையும் உந்தத்தையும் பெருக்கும்போது வரிசை மாறினால் விடை மாறும் என்ற சமன்பாடு. பூன்சன் தெருவில் அவர் எழுதியது. 1953-இல் நகரத்தின் ஆயிரமாவது ஆண்டு விழாவில் பார்ன், ஃபிராங்க், கூரண்ட் மூவரையும் கௌரவக் குடிமக்களாக்கினார்கள். துரத்திய இருபது வருடம் கழித்துத் திருப்பிக் கூப்பிட்டார்கள். மூவரும் மறுக்கவில்லை. அந்தப் பெருந்தன்மைக்கு இந்த ஊர் என்றும் கடன்பட்டிருக்கிறது என்பது என் துணிபு. பார்ன் ஓய்வுக்காலத்துக்கு ஜெர்மனிக்கே திரும்பி வந்து, 1970-இல் இந்த ஊரிலேயே இறந்தார். ஜப்பான்மீது அணுகுண்டு போட வேண்டாம் என்று 1945 ஜூனில் அமெரிக்க அரசுக்கு அறிக்கை தந்த ஃபிராங்க், 1964 மே 21-ஆம் தேதி, பழைய நண்பர்களைப் பார்க்க கோட்டிங்கன் வந்த இடத்தில் காலமானார்.

நோதரின் கல்லறையைத் தேடி நான் இங்கே நடக்கவில்லை. அவர் 1933-இல் அமெரிக்காவின் பிரின் மார் பெண்கள் கல்லூரிக்குப் போனார். ஒன்றரை வருடத்தில், 1935 ஏப்ரல் 14-ஆம் தேதி, அறுவை சிகிச்சைக்குப் பின் இறந்தார். வயது 53. அவருடைய சாம்பல் அந்தக் கல்லூரி நூலகத்தின் நடைக்கூடத்துக்கு அடியில் இருக்கிறது.